அத்தாயி வறுத்த உப்புக் காளான்

மலைமேல் இருந்த வாழவந்தி நாட்டில் அத்தாயியின் கையால் இரண்டு மாதமாக யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அது ஊர்க்கூட்டம் போட்ட கட்டு. கார்த்திகை விருந்துக்கு அவள் கொடுத்த உப்புக் காளானைக் குழம்பு வைத்துத் தின்ற மூன்று பேர், மறுநாள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அத்தாயியின் பேர் பிழைக்கவில்லை.

காளானை உப்பில் போடும் வழக்கம் அந்த மலையில் கிடையாது. பறித்த அன்றே தின்றுவிட வேண்டும் என்பார்கள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அடிவாரத்திலிருந்து தானியம் ஏறுவது நின்றுபோயிருந்தது. ஐப்பசி மழையில் புற்றுக்குப் புற்று கூடை கூடையாகப் பூத்து இரண்டே நாளில் அழுகும் காளானைப் பார்க்க அத்தாயிக்கு மனம் பொறுக்கவில்லை. எலுமிச்சங்காயை உப்புத் தண்ணீரில் போடுகிறோமே, இதைப் போட்டால் என்ன என்று ஒரு பெரிய பானை நிறையப் போட்டு வைத்தாள். அதுதான் வினையாயிற்று.

"உப்பைக் கழுவாம அப்படியே கொழம்புல கொட்டுனா வவுறு கெடாம என்ன பண்ணும்?" என்று அவள் கேட்டாள். ஊர் கேட்கவில்லை. காளான் சவ்வு மாதிரி இருந்ததாம். அதனால் அது கெட்ட காளானாம். நல்ல காளான் எண்ணெயில் விழுந்தால் மொறுமொறுவென்று வரும், கெட்டது எத்தனை நேரம் வறுத்தாலும் தோல் மாதிரியே கிடக்கும் என்பது அங்கே எல்லாரும் நம்பிய சங்கதி.

கட்டு அவிழ ஒரே வழிதான் இருந்தது. அதே பானையில் மிச்சமிருக்கும் காளானை ஊர் முன்னால் வறுக்க வேண்டும். வறுத்தவள் முதலில் தின்ன வேண்டும். பிறகு கூட்டத்துப் பெரியவர்கள் பதினோரு பேரும் ஆளுக்கொன்று கடிப்பார்கள். பதினோரு வாயிலும் சத்தம் கேட்டால் கட்டு போயிற்று.

அத்தாயிக்கு ஊரின் பேச்சைவிட மகள் ருக்குமணியின் கவலைதான் பெரிதாக இருந்தது. குண்டனி நாட்டு ராமாயி தன் மகனுக்கு ருக்குமணியைக் கேட்டிருந்தாள். பெண் வீட்டில் சோற்றில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. "கட்டு அவுந்தாத்தான் உங்க ஊட்டுல கை நனைப்போம்" என்று ராமாயி சொல்லி அனுப்பிவிட்டாள்.

தை மாதத்தில் நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே அத்தாயி ஒரு கைப்பிடியை எடுத்து வறுத்துப் பார்த்தாள். உப்பு சீக்கிரம் இறங்கட்டும் என்று வெந்நீரில் போட்டாள். காளான் செருப்புத் தோலாகிவிட்டது. அடுத்த கைப்பிடியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே சட்டியில் போட்டாள். உள்ளே இருந்த நீரெல்லாம் வெளியே வந்து, வறுவல் போய் அவியலாயிற்று. பானை குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் முறை பிழிந்து காயவைத்து வறுத்ததை விரலால் ஒடித்தபோது சடக்கென்று முறிந்தது; அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. மொறுமொறுப்புக்குக் காளானின் நல்லது கெட்டது காரணம் இல்லை. அதனுள் இருக்கும் தண்ணீர்தான் காரணம். தண்ணீர் போனால் எதுவும் மொறுமொறுக்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

குறித்த நாளில் விடிந்ததுமே, ஊர் கூடும் பொது வெளியான மந்தையில் அடுப்புக் கூட்டினாள். பானையில் இருந்ததில் பாதியை அள்ளி, நாராகக் கிழித்து, ஊற்றுத் தண்ணீரை மூன்று முறை மாற்றி ஊறவைத்தாள். துணியில் முடிந்து அம்மிக் கல்லை மேலே ஏற்றினாள். பிறகு முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள்.

"காளான் வறுக்கறாளா, வடகம் போடறாளா?" என்றான் சென்றாயன். கார்த்திகையில் வாந்தி எடுத்த மூவரில் அவன் ஒருவன். கூட்டம் சிரித்தது. குண்டனி நாட்டிலிருந்து வந்திருந்த ராமாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அத்தாயியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ந்த நார்களைக் கொரகொரப்பாக இடித்த சாமை மாவிலும் மிளகுத் தூளிலும் புரட்டினாள். மாவில் உப்புச் சேர்க்கவில்லை. சேர்த்தால் மறுபடியும் நீர் விடும். எண்ணெய் நன்றாகக் காயும்வரை பொறுத்து, ஒரு ஈட்டுக்குப் பத்து நார் என்று போட்டாள். கூட்டிப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும். சட்டியை மூடவும் இல்லை. சடசடப்பு அடங்கும்போது எடுத்து வைக்கோல்மேல் பரப்பினாள். குவித்தால் ஆவியில் நமத்துவிடும். பழுப்பு நிறத்தில் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது.

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி தலையசைத்தார். "தின்னு, அத்தாயி."

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறுக் என்ற சத்தம் மந்தை முழுக்கக் கேட்டது. யாரோ "அட!" என்றார்கள். அவள் புருஷன் கருப்பண்ணன் பெருமூச்சு விட்டது பின்னாலிருந்து கேட்டது.

"பதினோரு எலையிலும் வைங்க" என்றார் கவுண்டர்.

இலைகளில் வைக்கும் நேரத்தில், சுற்றி நின்ற ஊருக்கும் வறுத்துக் கொடுக்க அவள் பானையில் மிச்சமிருந்ததை அள்ளிக் கிழிக்கத் தொடங்கினாள். உப்பில் ஊறி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. புற்றுக் காளானின் அடி வேர் மாதிரி நீளமாகக் கூர்ந்து போகும். விரலுக்கு அது பழக்கம். திடீரென்று விரலில் வேறொன்று தட்டியது. அடி உருண்டையாக இருந்தது. அதைச் சுற்றி உடைந்த முட்டைத் தோல் போல ஒரு சிறு பை.

அடியில் பை உள்ள வெள்ளைக் காளானை அந்த மலையில் குழந்தைகூடத் தொடாது.

அத்தாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதை வேறு யாரும் பானையில் போடவில்லை. அன்று மழையில், வெளிச்சம் மங்கும் நேரத்தில் பரபரவென்று பறித்துக் குவித்தவள் அவள்தான். மூன்று மாதமாக ஒரே உப்புத் தண்ணீரில் எல்லாம் சேர்ந்து ஊறியிருக்கின்றன. கார்த்திகையில் அவர்களைப் படுக்கவைத்தது உப்பு இல்லை.

இதை மடியில் மறைத்துக்கொண்டால் போதும். பதினோரு வாயிலும் சத்தம் கேட்கும். கட்டு அவிழும். ராமாயி இன்றைக்கே கை நனைப்பாள். இந்த நஞ்சு மறுநாள்தான் வேலையைக் காட்டும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கவுண்டர் தன் இலையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார். அவர் கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"போடாதீங்க! வாயில போடாதீங்க சாமி!"

அத்தாயி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். வரிசையாக இலைகளைக் காலால் இழுத்துத் தள்ளினாள்.

"பைத்தியமா புடிச்சுருச்சு இவளுக்கு?" என்று கத்தினான் சென்றாயன்.

அவள் அந்தக் காளானை நீட்டினாள். "இது எம் பானையில இருந்துச்சுங்க. நாந்தான் பாக்காமப் பறிச்சுப்போட்டேன். அன்னைக்கி நீ வாந்தி எடுத்ததும் என்னாலதான் சென்றாயா. உப்புனால இல்ல."

"மொறுமொறுன்னு வந்துச்சே" என்றார் கவுண்டர், நம்ப முடியாமல்.

"தண்ணியப் புழிஞ்சுட்டா வெசமும் மொறுமொறுன்னுதானுங்க வரும்."

மந்தை இரண்டாகப் பிரிந்து கத்தியது. அவளே ஒத்துக்கொண்டாள், கட்டு நிலைக்க வேண்டும் என்றார்கள் ஒரு பக்கம்; தட்டிவிட்டுக் காப்பாற்றியவளுக்குக் கட்டு எதற்கு என்றார்கள் மறு பக்கம். பானை முழுக்கக் குழியில் கொட்டி மூடப்பட்டது. மாலைவரை அத்தாயிக்கு ஒன்றுமே ஆகவில்லை. "தின்னவ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறா, வெசமாமா வெசம்!" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"செயிச்சதக் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டியே" என்று கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் பாயை விரித்து உட்கார்ந்தாள். தன் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும்போது வயிறு முறுக்கியது. மூன்று நாள் அவள் பாயைவிட்டு எழவில்லை. ருக்குமணி கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஒரேயொரு நாருக்கு இந்தப் பாடு என்றால் ஆளுக்கொரு கை தின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. கூட்டம் மறுபடி கூடியது. இந்த முறை யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காளானின் சத்தத்தை வைத்து இனி எதையும் தீர்மானிப்பதில்லை என்று மட்டும் பேசி எழுந்துபோனார்கள். கட்டு அவிழ்ந்ததா இல்லையா என்று கவுண்டர் சொல்லவே இல்லை.

ஐந்தாம் நாள் ராமாயி வந்தாள். மலையேறிய களைப்போடு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். அத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கட்டு இன்னும் அவுக்கலீங்க" என்றாள்.

"அது ஆம்பளைங்க பாடு. எம் மவன் நாளைக்கி வந்து திங்கப்போற ஊடு இது. செயிக்கற நேரத்துல எலையத் தட்டிவிட்டவ கையில தின்னா அவன் பொழச்சுக்குவான்." ராமாயி கையைக் கழுவிக்கொண்டு வட்டிலை முன்னால் இழுத்துக்கொண்டாள். "களி இருந்தா போடு. கீரை இருந்தா ஊத்து. காளான் மட்டும் வேண்டாம் தாயி."

அத்தாயி அடுப்படிக்குப் போய் வந்தாள். களியைக் கிண்ணத்திலிருந்து கவிழ்த்து, கீரையை மேலே ஊற்றினாள். ராமாயி குனிந்து கையை நனைத்தாள்.