விட்டத்தில் பாதி

லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். காலையில் ஆள் கணக்கு எழுதுவதும் புதுக்காட்டில் கன்று நடும் குழிகளை அளப்பதும் என் வேலை. துரை என்னைச் சமமாக உட்காரவைத்துப் பேசமாட்டார். தொழிலாளிகளோ என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "கிராணி ஐயா வர்றாங்க" என்று ஒரு குரல் கேட்கும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. சட்டைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாகத்தான் திரிந்தேன்.

அங்கிருந்து தப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி நில அளவைப் பரீட்சை. சிங்கப்பூரில் ஒருவர் தபால் மூலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் தகுதிச் சீட்டு எழுதித் தந்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை வட்டத்தின் சமன்பாடு கேட்டிருந்தார். மையம் (3, 2), விட்டம் 10. எனக்குச் சுலபமாகப் பட்டது. புதுக்காட்டில் மூன்றாம் வரிசை, இரண்டாம் முளைக்குச்சி என்றுதான் இடம் சொல்வோம். குழியையும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை முழுதாக அளப்போம்; பாதி அளவை யாரும் கேட்டதில்லை. பழக்க தோஷம், பத்தையே வர்க்கமாக்கி (x − 3)² + (y − 2)² = 100 என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் தாள் திரும்பி வந்தது. மற்ற விடைகளுக்கு வெறும் சரி அடையாளம். இதன்கீழ் மட்டும் சிவப்பு மையில் நாலு வரி: "நண்பரே, சமன்பாட்டுக்கு வேண்டியது ஆரம். விட்டத்தைப் பாதியாக்குங்கள். ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து. மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேனோ. அந்த ஆண்டு என் உடம்பைப் பற்றி வேறு யாரும் பேசவில்லை.

அடுத்த தாளில் மையம் (4, 1), விட்டம் 6. வலப்பக்கம் ஒன்பது வரும் என்று தெரியும். தெரிந்தே முப்பத்தாறு என்று எழுதினேன். நாலு வரி வந்தது. அதற்கடுத்த தாளிலும் அப்படியே செய்தேன். சமையல் யார் செய்கிறார்கள் என்று விசாரித்திருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடமுடியவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் கனமான உறை ஒன்று வந்தது. தகுதிச் சீட்டு என்று நினைத்து ஆவலாகப் பிரித்தேன். "விட்டத்தைப் பாதியாக்குவது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த நிலையில் சீட்டு எழுத மனம் ஒப்பவில்லை, மன்னியுங்கள்" என்று தொடங்கி, எனக்கு ஆறுதலாக இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அவரிடமிருந்து வந்ததிலேயே நீளமான கடிதம் அதுதான். அழுதுகொண்டே மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.