முளைச்சவர்

பசுவந்தனைக்குக் கிழக்கே ஒரு ஊரில், ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லித் திரிகிறவனை ‘முளைச்சவன்’ என்பார்கள். அந்தப் பேர் பிறக்கக் காரணமானவர் சோலைராஜ், ரிட்டயர்டு கிளார்க். களையெடுக்கப் போகும் பெண்களை வழிமறித்து, “ஏட்டி, சேலையை இறக்கு! கெண்டைக்கால் தெரியுது” என்று அதட்டுவதுதான் பென்ஷனுக்குப் பிறகு அவர் பார்த்த உத்தியோகம். களைக்காரி இசக்கிச்செல்வி தினமும் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் மழை விட்டு வானம் வெறித்ததும் எல்லோரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெறுங்காலோடு போவது மரியாதையில்லை என்று அவர் மட்டும் பாலிஷ் போட்ட ஷூவோடு கரிசலில் இறங்கினார். பத்தடிக்குள் காலுக்கு நாலு கிலோ மண் அப்பிக்கொண்டது. ஷூவைக் கழற்றவும் கௌரவம் விடவில்லை. இசக்கிச்செல்வி கை நீட்டினாள்.

“சீ! பொம்பள கையைப் பிடிக்கவா?”

“அப்ப அங்கனயே நின்னு முளையும்.” களைக்காரிகள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

வேலை முடிந்து திரும்பும்போதும் அவர் அங்கேயேதான் நின்றார். சேறு படாமல் சுருட்டிச் சுருட்டி வேட்டி தொடைக்கு மேல் ஏறியிருந்தது.

“தாயி, கையைக் குடு தாயி.”

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். “பொம்பளையாளுவ நடமாடுத எடம். மொதல்ல வேட்டியை இறக்கும்.”