வயிறும் கலியாண நாளும்

இப்போது டாக்டர்மார் குடலுக்குள் விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்க்கிறார்கள். என் குடலைப் பார்த்த இளம் டாக்டர், இது கிருமியால் வந்த சீதபேதி அல்ல, உடம்பே தன் குடலைப் பகைத்துப் புண்ணாக்கும் நோய் என்றார். குடலுக்குள் நமக்கு வேண்டிய நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றனவாம். இருக்கட்டும். அறுபதுகளில் யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. இரத்தமும் சளியும் போனால் அமீபா. அமீபா என்றால் ஊசி. சில வாரம் அடங்கும், திரும்ப வரும், திரும்ப ஊசி.

அப்போது நான் மாத்தளையில் கணக்கு வாத்தியார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஓடினேன். டவுனிலிருந்து உக்குவளை வரை பஸ் ரோட்டில், கேட்காமல் நுழையக்கூடிய கக்கூசுகள் நான்கு. அதிலும் ஒன்றுக்குக் கதவில்லை.

அந்த உக்குவளையில்தான் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தார். நாள் குறிக்க மனைவியின் தம்பியோடு போனேன். நிக்காஹில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்; பாதியில் உதறிவிட்டு ஓட முடியாது. ஆகவே ஞாயிறுக்கு ஒன்றாகப் போடும் ஊசியெல்லாம் முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்த பிறகுதான் எனக்கு நாள் வேண்டும். காரணத்தையோ சொல்ல முடியாது. வாப்பாவின் நோய் மகளுக்கும் வரும் என்று சம்பந்தம் கைவிட்டுப் போகலாம்.

பேச்சுக்கு முன்னால் சஹனை வைத்தார்கள். ஒரே பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். யார் தின்கிறார், யார் தின்னவில்லை என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் வாப்பா கோழித்துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன மாஸ்டர், சோத்த எண்ணிப் பாக்குறீங்களா? தின்னுங்க."

"காலையில கொஞ்சம் கூடிப்போச்சு."

"கோழியத்தான் புடிக்கல்லையா, மாப்புளயவும் புடிக்கல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் என் தொடையைக் கிள்ளினான். தின்றேன். நெய்ச்சோறு, கோழி, மிளகாய் போட்ட அச்சாறு. கை கழுவும்போதே வயிறு முறுக்கியது. தொழுகைக்கு உளூ எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். நடந்ததாகத்தான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டினான் மச்சான்.

"மச்சான், அவங்க இந்த மாசக் கடைசி ஞாயிறுன்னு சொல்றாங்க. பெருநாளைக்கு முந்தியே முடிச்சிடலாமாம். சரியா?"

கக்கூசுக்குள் நாம் பேசுவதில்லை. அது அவனுக்கும் தெரியும். யாராவது தட்டினால் ஆள் இருப்பதைக் காட்டக் கனைப்போம், அவ்வளவுதான். கனைத்தேன்.

"சரிதானே?"

வேண்டாம், பொறு என்பதற்காக இன்னும் பலமாகக் கனைத்தேன்.

"சரியாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். "ரெண்டு தரம் கனைச்சிட்டாரு!"

நான் கால் கழுவி வருவதற்குள் நாளை உறுதி செய்து ஃபாத்திஹா ஓதி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஒங்களப்போல சுணக்காம சம்மதிக்கிற ஆள நான் கண்டதில்ல, மாஸ்டர்."

இனிப்புக்கு என் வாயில் ஒரு துண்டு தொதல் வைத்தார். மென்றுகொண்டே எண்ணினேன். ஊசி ஒன்பது பாக்கி. கலியாணத்துக்கு ஞாயிறு மூன்றுதான்.