தங்கக்கா தையல் நிலையம்

பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தது கல்யாணமான மறு வருஷம். வெளியே வந்தது மகளுக்குக் கல்யாணமான வருஷம். இடைப்பட்ட காலமெல்லாம், தகடு வெட்டும் பிரஸ்கள் வரிசையாக நின்று இடித்துத் தள்ளிய ஒரு கொட்டகையில் கழிந்தது. அங்கே பேச்சு என்றால் கத்தல். கத்தியும் எட்டாவிட்டால் உதட்டைப் பார்த்தும் விரலைக் காட்டியும் புரிந்துகொள்வார்கள். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். "இதை வெச்சுக்கிட்டா வம்பு எப்படிக் கேக்கும்?" என்று அவள் அதை ஜன்னல் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தாள். அந்த ஜன்னலுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, வீட்டு முன்னறையில் தையல் கடை போட்டாள். அளவெடுப்பதும் தைப்பதும் அவள். உள்ளறையில் துணி வெட்டுவது கணவர். கெட்டிக்காரர், ஆனால் வாயில்லாப்பூச்சி. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

கடை போட்ட சில மாதத்திலேயே தெரு அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டது. பக்கத்துச் சலூன்காரரிலிருந்து பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வரை எல்லோருக்கும் அவள் 'தங்கக்கா'. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ஊரே என்னைத் தங்கம்ங்குது. நீங்க ஒரு நாள் சொல்லியிருப்பீங்களா?" என்று கணவரைக் கேட்டாள். அவர் குனிந்து துணியை வெட்டினார். அதோடு விட்டாளா? 'தங்கக்கா தையல் நிலையம்' என்று பலகையே எழுத வைத்தாள். எழுத வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாவம், பெயிண்ட் நெடி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

முதலில் வியாபாரம் ஓகோ என்று போனது. பிறகு பெண்கள் வரத்துக் குறைந்தது. வந்தவர்களும் ஒல்லிப்பிச்சான்களாகவே வந்தார்கள். "இந்தத் தெருவுல எல்லாரும் இளைச்சுட்டாங்க போல" என்று அவள் கவலைப்பட்டாள். முன்னறையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற கணவருக்குக் கேட்கட்டும் என்று, "இடுப்பு நாப்பத்திரெண்டு! போன தடவை முப்பத்தெட்டுதானேம்மா!" என்று அவள் சொல்வது பஸ் நிறுத்தத்தின் கடைசி ஆள் வரை போய்ச் சேர்வது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை அது சாதாரணப் பேச்சு.

ஒரு சனிக்கிழமை மருந்துக்கடைக்காரி வந்தாள். பின்தெருவில் சின்ன மருந்துக்கடை வைத்திருந்த இளம்பெண். இரண்டு முறை கரு தங்காமல் போய், தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடப்பவள்.

"கவுனுக்கு அளவு எடுக்கணும்க்கா."

"கதவா? தெறந்துதானே இருக்கு, வா உள்ள."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, வயிற்றில் கை வைத்து, உதடு மட்டும் அசையச் சொன்னாள். "இங்க கொஞ்சம் லூசா வைங்க. இன்னும் வீட்டுல கூடச் சொல்லலை."

உதட்டைப் படிப்பதில் தங்கக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சந்தோஷம் பொங்க உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! மருந்துக்கடைப் பொண்ணு உண்டாயிருக்கா! வயித்துல நல்லா லூசா வெட்டுங்க! வீட்டுல இன்னும் சொல்லலையாம்!"

பக்கத்துச் சலூனில் எதுவோ தடதடவென்று விழுந்தது. அடுத்த நொடி, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, கழுத்தில் துண்டோடு ஓர் ஆள் கடை வாசலில் வந்து நின்றான். மருந்துக்கடைக்காரியின் கணவன்.

"நிஜமாவா?" என்றான்.

மருந்துக்கடைக்காரி தலையை ஆட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "டாக்டர் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னப்புறம், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். பஸ் நிறுத்தத்தில் யாரோ கைதட்டப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இருவரும் போய்விட்டார்கள். டேப் கையிலேயே தொங்க, அவள் எதிரே நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கணவர் வெளியே வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றார். "உனக்குக் காது கேக்கலை."

"காத்து வரலைன்னா ஃபேனைப் போடுங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகே தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

காது டாக்டர் அவள் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். அவள் வெகுநேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவருக்காக இரக்கப்பட்டு, "உங்க மிஷின் ஓடலை டாக்டர், ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றாள். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காதில் கருவி ஏறிய முதல் நாள் அவளுக்கு இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, கணவர் வாயில்லாப்பூச்சி இல்லை. அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் குனிந்த தலை நிமிராமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஆமா, மகாராணி சொல்லிட்டாங்க, வெட்டிடறேன்" என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் அவள் ஊசியில் குத்திக்கொண்டாள். இவ்வளவு காலமும் இந்த மனுஷன் இப்படித்தானா?

இரண்டாவது, சலூன்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சங்கக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"என்னன்னு கூப்பிட்ட?"

"தங்கக்கான்னுதான்..."

"இப்பக் காது கேக்குதுப்பா எனக்கு."

அவர் சீப்பால் தலையைச் சொறிந்தார். "கம்பெனி சங்கு ஊதினா கேட் தெறக்கும். நீங்க பேசினா தெருவே முழிச்சுக்கும். அதான்... யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியலைக்கா."

பொன்னெழுத்தில் மின்னிய பலகையை அவள் நிமிர்ந்து பார்த்தாள். செவிடன் காதில் சங்கு ஊதினாற்போல என்பார்கள். சங்கே செவிடாகிப்போனால் யார் என்ன செய்ய முடியும்? கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், வந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்பின் சத்தம் கருவி வழியாகக் காதுக்குள் இறங்கியதும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். இதையா இத்தனை நாள் ஊர் தாங்கியது?

ஆனால் பின்தெருவுக்கு மட்டும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? சுற்றிக்கொண்டு வேறு வழியில் நடந்தாள். அப்படியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள், காதுக் கருவியின் பேட்டரி தீராமல் இருந்திருந்தால். அது கிடைக்கிற ஒரே இடம் அந்த மருந்துக்கடை.

உலகம் மறுபடி பஞ்சாய் அடைத்துக்கொள்ள, கல்லாவுக்கு முன்னால் போய் நின்று, கருவியைக் கழற்றி நீட்டினாள். பேச நினைத்தாள். சத்தம் எந்த அளவில் வெளியே வரும் என்று தெரியாததால் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. மருந்துக்கடைக்காரி அதை வாங்கி, பேட்டரி மாற்றி, எட்டி அவள் காதில் தானே பொருத்திவிட்டாள்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. அன்னிக்கு நான்..."

"விடுங்கக்கா. எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இதுவும் போயிட்டா அவரு முகத்துல எப்படி முழிப்பேன்னு. இப்ப தினமும் அவருதான் தட்டு கழுவறாரு." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "டாக்டரும் நல்லாயிருக்குன்னுட்டாங்க. என் கவுன் என்னாச்சு?"

"தைக்கவே இல்லை."

"நல்லதாப் போச்சு. அன்னிக்கு எடுத்திருந்தா அந்த அளவு இப்ப ஆகாது. இப்ப எடுங்க."

மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அளவெடுத்தார்கள். எண்ணை வாயால் சொல்லாமல், பழைய கொட்டகை வழக்கப்படி விரலால் காட்டினாள் அக்கா. மருந்துக்கடைக்காரி சிரித்துச் சிரித்துக் குறித்துக்கொண்டாள்.

சத்தம் போடாமல் இருப்பதிலேயே முழுக் கவனமும் போனதில், டேப்பின் எந்த முனையிலிருந்து எண்ணைப் பார்த்தோம் என்று அவள் பார்க்கவில்லை. கவுன் கூடாரம் மாதிரி வந்தது. உள்ளே இன்னோர் ஆள் நிற்கலாம். கணவர் முணுமுணுத்தார், அதுவும் கேட்டது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் மருந்துக்கடைக்காரி கொடுக்க மறுத்துவிட்டாள். பிரசவத்துக்குப் போகிற நாள் வரை அதைத்தான் போட்டிருந்தாள்.