மாதா சுரூபத்துக்கு எடுத்த எக்ஸ்ரே

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் எக்ஸ்ரே பிரிவில் இருந்தேன். இரும்பு வார்ப்புகளுக்குள் ஓட்டை, விரிசல் உண்டா என்று பிலிம் எடுத்துப் பார்ப்பது வேலை. டிப்ளமா முடித்த சூடு ஆறவில்லை. எதைக் கண்டாலும் உள்ளே பார்க்கக் கை துறுதுறுக்கும்.

எங்கள் தெரு மாதா கோயிலில் இருந்த சுரூபம் ஒன்றரை அடி உயர மரச்சிலை. தோளில் தட்டினால் உள்ளே பொந்து இருப்பதுபோல் பொக்கென்று சத்தம். கரையான் அரித்திருந்தால் திருவிழா ஊர்வலச் சப்பரத்தில் ஏற்ற முடியாது, பிளாஸ்டரில் புதிது வாங்கிவிடலாம் என்றது கோயில் கமிட்டி. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் அதற்கு எனாமல் பூசும் பெயின்டருக்குத்தான் தாங்கவில்லை.

"பதினாலு வருசமா நான் பூசிகினு வர்றேன்பா. தூக்கிப் போட்ருவாங்களாமே!"

"எங்க மிஷின்ல பார்த்துடலாம் அண்ணாத்தே."

நான் கேட்டதும் ஞாயிறு காலை வரச் சொன்ன ஆலை போர்மேன், கொடுத்தது இரண்டே பிலிம். பெயின்டர் சுரூபத்தைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, கொழந்த அழவே மாட்டேங்குது?" என்றார்.

முதல் பிலிமைக் கழுவி எடுத்தேன். தார் மாதிரி கறுப்பு.

"உள்ள ஒண்ணுமே இல்லியா?" பெயின்டரின் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல அண்ணாத்தே. பழக்கதோஷத்துல இரும்புக்கு வெக்கிற எக்ஸ்ரே அளவை மாதாவுக்கு வெச்சிட்டேன், பிலிம் கறுத்துப்போச்சு."

இரண்டாவதற்கு அளவை நன்றாகக் குறைத்தேன். ஈரப் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. கரையான் தடமே இல்லை. தோளில் ஒரு பழைய ஆணி, அதையொட்டி விரிசல், சத்தம் அங்கிருந்துதான். கூடவே ஒரு முகம்! முதன்முதலில் பூசிய சாயத்தில் ஈயம் இருந்திருக்கிறது. அது எக்ஸ்ரேயை மறித்ததால், எனாமலுக்கு அடியில் இருந்த மெல்லிய உதடுகள் வெளுப்பாகத் தெரிந்தன.

"நான் போடுற மொகம் எப்பவும் உம்முனுதான் வரும்," என்றார் பெயின்டர். "உள்ள சிரிச்சிகினு கீதே! மூடுனது நான்தானா?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கமிட்டி, பழைய மாதாவையே சப்பரத்தில் ஏற்றச் சம்மதித்தது. தச்சர் தோளை இறுக்கிக் கொடுத்தார். பெயின்டர் அந்த ஆண்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிலிமைப் பக்கத்தில் தொங்கவிட்டு, பிளேடு முனையால் எனாமலைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

சப்பரம் புறப்படும்போது பாதி முகம்தான் முடிந்திருந்தது. மறுபாதி மறையும்படி மாலையை இழுத்துவிட்டு, "பாதி சிரிப்பு போதும், தூக்குங்கப்பா!" என்றார்.