பெட்டி யார் வீட்டில்

எங்கள் வகையறாவின் குலதெய்வம் குடியிருக்கும் அம்மன் பெட்டி நகரியில் என் வீட்டில்தான் இருக்கிறது. மூத்த வீட்டில் இருப்பதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் போன பிறகும் நான்தான் விளக்கேற்றுகிறேன், பூசைக்குத் தலையில் சுமக்கிறேன்.

கோயில் கொட்டகைக்கு இடம் கேட்டபோது மண்டல ஆபீசில், பங்காளிகளுக்குத் தர முடியாது, பதிவு செய்த சங்கமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திருப்பதியில் இருக்கும் என் கொழுந்தனார், ரிட்டயர்டு கண்டக்டர், சங்கம் பதியும் பாரத்தைத் தானே நிரப்பினார். தலைவர் வீடுதான் சங்க ஆபீஸ், பெட்டியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

"எங்க பிளாட்ல லிஃப்ட் இருக்குது அண்ணி. அம்மா ஏறி வர சுளுவு."

"இத்தினி வருசமா என் தலைமேல ஏறித்தான் வந்துகினு இருக்கா. லிஃப்டு கேக்கலியே தம்பி."

கொழுந்தனாரோடு சேர்த்துப் பங்காளிகள் ஆறு பேரும் நானும் சித்தூர் பதிவு ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா தெலுங்கில் கேட்டார், முதல் உறுப்பினர் எங்கே என்று.

"அவரு இல்லீங்க," என்றார் கொழுந்தனார்.

இரண்டாமவர்? அவரும் இல்லை. ஏழாவது என் வீட்டுக்காரர் பேர். இவராவது இருக்கிறாரா என்று குமாஸ்தா என்னைக் கேட்டார்.

"போட்டோல இருக்காரு," என்றேன்.

எங்களில் எதைத் தொடங்கினாலும் செத்துப்போன பெரியவர்கள் பேர்தான் முன்னால் வரும். வருஷப் பூசையில் மைக் பிடித்து அவர்களைக் கூப்பிடுகிறவரும் கொழுந்தனார்தான். பாரத்திலும் அப்படியே எழுதிவிட்டார். இருந்த ஏழு வரிசையும் அவர்களுக்கே தீர்ந்துபோய், அடியில் ஓரமாகத் தன் பேரைத் தலைவர் என்று நெருக்கியிருந்தார்.

குமாஸ்தா வேறு பாரம் கொடுத்தார். கொழுந்தனார் முதல் வரிசையில் தன் பேரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"தம்பி, செத்தவங்க பேரு முடிஞ்சதும் மைக்குல யாரைக் கூப்பிடுவ?"

பங்காளிகள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"பெட்டி தூக்கறவங்கள," என்றார் தரையைப் பார்த்து.

"அப்ப எழுது."

முதல் வரிசையில் என் பேரை எழுதினார். என் பேர் நாலு எழுத்துதான். கையெழுத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சங்கத் தலைவர் கையெழுத்து அவ்வளவு நேரம் எடுக்கத்தான் செய்யும்.

கொழுந்தனார் இப்போது செயலாளர். கையெழுத்து வேண்டுமென்றால் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வருகிறார். முதலில் பெட்டிக்குக் கற்பூரம் காட்டச் சொல்லுவேன். அப்புறம்தான் என் கண்ணாடியைத் தேடத் தொடங்குவேன்.