ஓட்டை போட்ட தாம்பாளம்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லைப்பக்கத்து அறையில் ஒரு டீச்சர் தனியாக இருந்தாள். வேண்டாமென்று புருஷன் அனுப்பிவிட்டவள். நெடுநெடுவென்று உயரம், யாரிடம் பேசினாலும் கண்ணைத் தாழ்த்த மாட்டாள். அவளுக்குச் சீராக வந்த பெரிய பித்தளைத் தாம்பாளம் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் இரவல் போகும். ஆனால் வாழாவெட்டி என்பதால் அவளை மட்டும் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஆணியும் சுத்தியலுமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதை நிமிர்த்தி, மண் பரப்பி வெந்தயம் தூவினாள்.

"ரோஜா வைக்கலாமே?" என்றேன்.

"அதுக்கு ஆழம் வேணும். வெந்தயத்துக்கு ரெண்டு விரல் மண்ணு போறும்."

செம்பில் மொண்டு ஊற்றினால் மண் கரையுமென்று தினமும் கையால்தான் நீர் தெளிப்பாள். கீரை தளதளவென்று வந்துவிட்டது.

அப்போதுதான் வீட்டுக்கார மாமி தாம்பாளம் கேட்டு வந்தாள். பார்த்ததும் பதறிப்போனாள்.

"அடிப்பாவி! சீர்த் தட்டுல யாராவது ஓட்டை போடுவாளோ? எங்காத்துல நிச்சயதார்த்தம் வச்சிண்டிருக்கேனே!"

"என்னைக் கூப்பிடாத இடத்துக்குத் தட்டு மட்டும் இனிமே வராது, மாமி. கீரை வேணா தரேன்."

ஒரு கைப்பிடி வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மாமியின் கையில் வைத்தாள். மாமி வாங்கிக்கொண்டு போனாள். சமைத்தாளோ, குப்பையில் கொட்டினாளோ, எனக்குத் தெரியாது. டீச்சர் மாமி போவதைப் பார்த்துக்கொண்டுகூட நிற்கவில்லை. பிடுங்கிய இடத்தில் மறுபடியும் வெந்தயம் தூவிக்கொண்டிருந்தாள்.